அபராதப் பணம் எங்கே போகிறது?

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் கட்டும் அபராதத்தில்தான் நீதிமன்றம் நடக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. அபராதம் மாநில அரசின் கஜானாவுக்குப் போகிறது. மாஜிஸ்திரேட்டின் சம்பளமும் அலுவலகச் செலவும் மாநில பட்ஜெட்டிலிருந்து தனியாக வருகின்றன. நீதிமன்றக் கட்டடங்களுக்கு 1993-94 முதல் மத்திய அரசும் பங்கு தருகிறது. சிறு வழக்குகள் தேங்காதிருக்க, 2010-15 காலத்துக்குக் காலை, மாலை நீதிமன்றங்களுக்கென 2,500 கோடி ரூபாயை 13வது நிதிக்குழு பரிந்துரைத்தது.

தண்டிப்பவருக்குத் தண்டனையில் லாபம் இருக்கக் கூடாது. அதற்காகவே இந்த ஏற்பாடு.

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை ரோட்டிலேயே பணம் கொடுத்து முடிக்க வழியில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சம்மன் வந்தால், இடைத்தரகரை நாடாமல் நேரே நீதிமன்றம் போய் அபராதம் கட்டி, ரசீது வாங்கி வருவோம்.