குழாயைத் திறந்தால் வெந்நீர் வரலையா?
(இந்த மாதப் பாடம்: கீசர்)



முடிச்சூர், படப்பை, மாடம்பாக்கம் பக்கம் நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் இப்போது கீசர் இருக்கிறது. சேலையூர், மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்கு வேலைக்குப் போகிற சகோதரிகளும் தினமும் அதைக் கையாளுகிறார்கள். "குழாயைத் திறந்தா பச்சத் தண்ணிதான் வருது" என்றதும் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் "காயில் போச்சும்மா" என்றால் காசை எடுத்துக் கொடுக்கிறோம். உண்மையில் போனது காயில்தானா? நாமே பார்க்கக்கூடியது எது, தொடவே கூடாதது எது? தெரிந்துகொள்வோம்.

முதலில் எச்சரிக்கை

குழாயையோ தண்ணீரையோ தொட்டதும் 'சுருக்' என்று இருந்தால் உடனே விலகி, காய்ந்த கையால் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை யாரும் குளியலறைக்குள் போக வேண்டாம். கீசரின் மூடியை நாம் ஒருபோதும் கழற்றக் கூடாது.

வரிசையாகப் பாருங்கள்

1. ஒரு குழாயிலா, எல்லாக் குழாயிலுமா?
ஒரே கீசரிலிருந்து போகும் இன்னொரு குழாயில் சூடாக வந்தால் கீசர் நன்றாகத்தான் இருக்கிறது. வராத குழாயின் வெந்நீர் வால்வு மூடியிருக்கலாம், அல்லது உப்பு அடைத்திருக்கலாம். அதற்கு பிளம்பர் போதும்.

2. தண்ணீரே வரலையா, வருகிற தண்ணீர் சூடாக இல்லையா?
தண்ணீரே வராவிட்டால் மாடித் தொட்டியையும், கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வையும் பாருங்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் காயில் கருகிவிடும். தொட்டி கழுவிய நாளில், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

3. விளக்கு எரிகிறதா?
எரியாவிட்டால் சுவிட்சையும் டிரிப்பரையும் பாருங்கள். டிரிப்பர் விழுந்திருந்தால் ஒரே ஒரு தடவை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். எங்கோ கரண்ட் கசியலாம். தண்ணீர் சூடான பிறகு விளக்கு தானாக அணைந்தால் அது கோளாறு அல்ல.

4. போதுமான நேரம் விட்டோமா?
15 லிட்டர், 2000 வாட் கீசருக்குக் கால் மணி நேரமாவது வேண்டும். அரை மணி நேரம் விடாமல் ஓடினால் 1 யூனிட் செலவாகும். 3 லிட்டர் சின்னக் கீசரில் குழாயை முழுசாகத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும், கொஞ்சமாகத் திறங்கள். லோ வோல்டேஜ் இருந்தாலும் சூடு குறையும்.

5. விளக்கு எரிந்தும் அரை மணியில் சூடாகவில்லையா?
இப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம். காயிலா, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டா, கட்அவுட்டா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு பொருள், விலையும் வேறு. வேலை தொடங்குமுன் விலை கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

காயில் ஏன் சீக்கிரம் போகிறது?

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதில் சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் அதிகம். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதே உப்பு சூட்டில் காயில்மேல் ஓடுபோல் ஒட்டிக்கொள்கிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்க, அது கருகுகிறது. குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு.

தண்ணீர் சூடாக முன்பைவிட நேரம் ஆகிறதா? கீசருக்குள் 'சடசட' என்று சத்தம் வருகிறதா? உப்பு படிந்துவிட்டது என்று அர்த்தம். வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்தால் புதுக் காயில் செலவு மிஞ்சும்.

கீசர் ரிப்பேரான நாளில்

வாளியில் ஹீட்டர் ராடு போடுகிறோம். ராடைத் தண்ணீரில் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வாளியை விட்டு நகராதீர்கள்.

கேஸ் கீசரை அடைத்த குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சுவழி உள்ளே போய் ஆளை மயக்கி உயிரையே எடுத்துவிடும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா? கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்?
* மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?
* வேலை செய்யும் வீட்டில் ஷாக் அடித்தால் "முதல்ல சரி பண்ணுங்கம்மா, அப்புறம்தான் அந்தக் குழாயைத் தொடுவேன்" என்று சொல்கிறோமா?

கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு உறுப்பினரும் பதில் சொல்லட்டும். நம் உயிரைவிட எந்த வேலையும் அவசரம் இல்லை.