பழைய பாலம் போனா அதே பாலம் திரும்ப வராது: வரைபடத்தை முதல்ல கேளுங்க

"பாலம் பலவீனமா இருக்காம், இடிச்சிட்டு புதுசு கட்டப் போறாங்களாம்." இப்படி ஒரு செய்தி ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்ததும் விவாதம் சூடுபிடித்துவிடும். எப்பவோ செஞ்சிருக்கணும் என்பார் ஒருவர். நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இடிக்கணும் என்பார் இன்னொருவர். கடைக்காரர்களுக்கு வியாபாரக் கவலை, பெற்றோருக்கு ஸ்கூல் வேன் கவலை. எல்லாமே நியாயமான பேச்சுதான். ஆனால் புதுப் பாலம் பழைய பாலத்தின் உயரத்திலேயே ஏறி, பழைய இடத்திலேயே இறங்கும் என்று நினைத்துக்கொண்டுதான் இரண்டு தரப்புமே பேசும். பெரும்பாலும் அப்படி இறங்காது.

இதைப் புரிந்துகொள்ள மும்பை அந்தேரியின் கோகலே பாலம் நல்ல பாடம். ரயில் பாதைக்கு மேலே சென்று அந்தேரியின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சாலைப் பாலம் அது. 2018 ஜூலை 3 அன்று கொட்டும் மழையில் அதன் நடைபாதைப் பகுதி தண்டவாளத்தின் மேல் இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்களில் இருவர் பின்னர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு, பாலம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. 2022 நவம்பர் 7 அன்று பாலம் முழுவதுமாக மூடப்பட்டது.

மூடியதும் கிளம்பிய விவாதம் வேறு மாதிரி. டூவீலரையாவது விடக் கூடாதா, ஆம்புலன்ஸ் எப்படிப் போகும், மாற்று வழி எது? பக்கத்தில் இருக்கும் அந்தேரி சப்வே மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் இடம். தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் பகுதியை யார் இடிப்பது என்பதிலும் மாநகராட்சிக்கும் மேற்கு ரயில்வேக்கும் இடையே இழுபறி. கடைசியில் அந்தப் பகுதியை ரயில்வேதான் இடித்தது.

2024 பிப்ரவரி 26 அன்று புதுப் பாலத்தின் ஒரு பாதி திறக்கப்பட்டது. அப்போதுதான் நகரமே அந்தக் காட்சியைப் பார்த்தது. பழைய கோகலே பாலத்தோடு சேர்ந்திருந்த பர்ஃபிவாலா மேம்பாலம் கீழே நிற்கிறது. புதுப் பாலம் அதைவிடச் சுமார் 1.5 மீட்டர் மேலே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே படி மாதிரி ஒரு இடைவெளி. சோஷியல் மீடியாவில் மீம்ஸ் பறந்தது. சிரிப்பு வரத்தான் செய்யும், ஆனா தினமும் அந்த வழியா ஆபீஸ் போறவங்களுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. ரயில் பாதைக்கு மேலே பாலத்துக்கு விட வேண்டிய உயர இடைவெளியை ரயில்வே முன்பைவிட அதிகமாகக் கேட்டிருந்தது. புதுப் பாலம் உயர்ந்தது. அதோடு சேர வேண்டிய மேம்பாலம் பழைய உயரத்திலேயே இருந்தது. பிறகு விஜேடிஐ என்ற மும்பை பொறியியல் நிறுவனத்தின் ஆலோசனையோடு, பர்ஃபிவாலா மேம்பாலத்தின் கடைசிப் பகுதியை ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஒரு பக்கம் 1,397 மில்லிமீட்டர், மறு பக்கம் 650 மில்லிமீட்டர். 2024 ஜூலை 4 அன்று அந்த இணைப்பு திறந்தது. பாலத்தின் மற்ற பாதி 2025 மே 11 அன்று திறந்தது. வேலையைத் திறமையாகத்தான் முடித்தார்கள். ஆனால் உயரங்களைக் காட்டும் தாள் முன்கூட்டியே மக்கள் கைக்கு வந்திருந்தால், அந்தக் கேள்வியைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே யாராவது கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இது மும்பைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. பழைய பாலங்கள் கட்டிய காலத்தின் விதி வேறு, இன்றைய விதி வேறு. மின்சார ரயில் கம்பிக்கு இடம் விடணும். ஆற்றுப் பாலம் என்றால் வெள்ள மட்டத்தைக் கணக்கில் எடுக்கணும். பாலம் உயர்ந்தால் அதற்கு ஏறும் சாலையும் நீளும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 30 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் என்ற சரிவில் சாலை ஏறுகிறது என்று வையுங்கள். பாலம் 1.5 மீட்டர் உயர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் 45 மீட்டர் கூடுதல் சாலை வேண்டும். அந்த 45 மீட்டரில்தான் உங்க தெருமுனை இருக்கும், பஸ் ஸ்டாப் இருக்கும், டீக்கடை இருக்கும். "பாலம் நல்லா வந்திருக்கு, ஆனா எங்க தெருவுல இருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்ப முடியல" என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருது.

இதெல்லாம் ஒரே தாளில் இருக்கும். அதன் பெயர் ஜெனரல் அரேஞ்ச்மென்ட் டிராயிங். பொறியாளர்கள் சுருக்கமாக ஜிஏடி என்பார்கள். பாலத்தின் முழு அமைப்பையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் காட்டும் வரைபடம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நமக்குத் தேவையானது இரண்டு வரி எண்கள்தான். இஜிஎல் என்றால் இப்போதைய தரைமட்டம். எஃப்ஆர்எல் என்றால் சாலை போட்டு முடித்தபின் வரும் மட்டம். செயினேஜ் என்பது ஆரம்பப் புள்ளியிலிருந்து தூரம். போனில் ஜூம் செய்து உங்க தெரு எந்த செயினேஜில் வருகிறது என்று பிடியுங்கள். அந்த இடத்தில் எஃப்ஆர்எல் 42.80, இஜிஎல் 40.30 என்று இருந்தால், உங்க தெரு வாசலில் சாலை 2.5 மீட்டர் மேலே போகிறது என்று அர்த்தம். அதாவது ஒரு ஆளை மறைக்கும் சுவர். குரூப்பில் நூறு மெசேஜ் போடுவதைவிட இந்த ஒரு எண்ணுக்கு பலம் அதிகம்.

வரைபடத்தை எப்படி வாங்குவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஐ, இதற்குப் போதும். பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(சி) சொல்கிறது. வெளியிடவில்லை என்றால் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ரயில்வே மேம்பாலத்தில் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி ரயில்வேயிடமும் இருபக்க ஏறுசாலை நெடுஞ்சாலைத் துறை அல்லது மாநகராட்சியிடமும் இருக்கும். "அது எங்க வேலை இல்ல, அவங்ககிட்ட கேளுங்க" என்ற பதிலோடு உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், பிரிவு 6(3)-இன்படி மனுவை 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும்.

மனுவில் "பாலம் பற்றிய முழு விவரம் தரவும்" என்று எழுதாதீர்கள், பதிலும் அதே மாதிரி மொட்டையாகத்தான் வரும். இப்படி எழுதலாம்: "பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டப்படும் புதிய பாலத்தின் ஒப்புதல் பெற்ற ஜிஏடி வரைபடத்தின் நகல், இருபுறமும் ஏறுசாலை தொடங்கும், முடியும் செயினேஜ், புதிய பாலம் இணையும் ஒவ்வொரு சாலையின் தற்போதைய மட்டமும் புதிய மட்டமும், பழைய பாலத்தின் உறுதி ஆய்வு அறிக்கையின் நகல், கட்டுமான காலத்துக்கான போக்குவரத்து மாற்ற ஆணையின் நகல்." உறுதி ஆய்வு அறிக்கையை விட்டுவிடாதீர்கள். இடிக்க வேண்டுமா, பழுதுபார்த்தால் போதுமா என்ற சண்டைக்கு ஆதாரம் அதில்தான் இருக்கும்.

கேட்கும் நேரமும் முக்கியம். டெண்டர் வந்துவிட்டால் பெரும்பாலும் வரைபடம் முடிவாகிவிட்டது என்று பொருள். அதனால் அறிவிப்பு வந்த வாரமே மனு போடுவது நல்லது. பெரிய வரைபடம் நகலில் தெளிவாக வராது என்று தோன்றினால், நேரில் பார்வையிடவும் குறிப்பு எடுக்கவும் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது. நடக்கும் வேலையைப் பார்வையிடும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. 30 நாளாகியும் பதில் வரவில்லையா? அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆன்லைனில் போட்டிருந்தால் பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.