மின்சாரம் நின்றாலும் பதிவு நிலைக்க

கூட்டுறவுச் சங்கத்தின் நாணயம் அதன் கணக்கில் அடங்கியிருக்கிறது. பதிவு அழிந்தபின் வாய்ச்சொல்லைக் கொண்டு வழக்குத் தீர்க்க இயலாது. ஏடும் எழுதுகோலும் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை இன்று சிறு கணிப்பொறிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. அவற்றை நம்பி நடத்துவதற்கு இன்றியமையாத ஒரு முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி 2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் நிரல் எழுதிப் பழகவேண்டும் என்ற நோக்கத்துடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது அது. உள்ளங்கையில் அடங்கும், 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும். உரிய உணர்கருவியை இணைத்தால், நாற்றங்காலில் மண்ணின் ஈரத்தையும் நூல் கிடங்கில் காற்றின் ஈரப்பதத்தையும் இரவு பகலாக அளந்து குறித்துவைக்கும். வறண்ட காற்றில் பருத்தி நூல் வலுவிழக்கும் என்பதும், பாவு இழை அடிக்கடி அறும் என்பதும் நெசவாளர் அறிந்தவை. இழை அறுந்தது நெசவாளியின் கவனக் குறைவாலா, கிடங்கின் வறட்சியாலா என்ற கேள்வி எழும்போது இந்தப் பதிவே சாட்சியாக நிற்கும்.

அந்தச் சாட்சிக்கு வரும் ஆபத்து யாது? சென்னையின் தென்பகுதியில் உள்ள பெருங்குடியை உதாரணமாகக் கொள்வோம். 2011-இல் மாநகராட்சியுடன் இணைந்த இவ்வூர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதி. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பெருங்குடியும் அண்டைப் பகுதிகளும் வெள்ளக்காடாயின. தெருவில் நீர் நிற்கையில் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி மின்சாரத்தை நிறுத்துவது முறையே. ஆனால் வேலையில் இருக்கும் கணிப்பொறிக்கு அந்நிறுத்தம் சொல்லிவிட்டு வருவதில்லை.

கெடுவது எது?

இச்சிறு கணிப்பொறி பெரும்பாலும் தன் நிரல்கள் அனைத்தையும் நகமளவுள்ள எஸ்.டி. அட்டையில் வைத்திருக்கிறது. நாம் ஒன்றும் எழுதாதபோதும் அது ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும்: எந்த நிரல் எப்போது தொடங்கியது, எந்த இணைப்பு எப்போது அறுந்தது என்ற குறிப்புகள் எல்லாம் அட்டையில் ஏறும். அட்டையின் அமைப்போ விசித்திரமானது. ஒரு வரியைத் திருத்த வேண்டுமானாலும், அவ்வரி அமைந்த பெரும் பகுதி ஒன்றை வேறிடத்தில் எழுதிக்கொண்டு, பழையதை மொத்தமாக அழிக்க நேரலாம். அவ்வேளையில் மின்சாரம் நின்றால் எழுதிய வரி மட்டுமன்றி, அதனுடன் இருந்த வேறு கோப்புகளும் சிதையக்கூடும். மின்சாரம் திரும்பியும் கணிப்பொறி எழாமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஓயாத எழுத்தினால் அட்டையின் ஆயுளும் குறைகிறது.

முறை என்ன?

ஓயாது எழுதுவதால் வரும் கேட்டுக்கு எழுதாமையே மருந்து. கணிப்பொறியின் கோப்பு முறைமையைப் ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிவிடலாம். சங்கத்தின் துணைவிதிகளை நாள்தோறும் படிக்கிறோம், நாள்தோறும் திருத்துவதில்லை. கணிப்பொறியின் நிரல்களும் அத்தகையவையே.

ஆயினும் சில நிரல்கள் எதையேனும் எழுதாமல் ஓடமாட்டா. அவற்றுக்காக ஓவர்லே என்னும் ஏற்பாடு உண்டு. அச்சிட்ட புத்தகத்தின்மேல் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, எழுதவேண்டியதைப் பலகையில் எழுதுவதை ஒத்தது இது. கணிப்பொறியின் தற்காலிக நினைவகமே அந்தப் பலகை. நிரல் தான் எழுதியதைக் காண்கிறது. அடியில் உள்ள புத்தகமோ மாசுபடுவதில்லை. மின்சாரம் நின்றதும் பலகை துடைபடும். மறுபடி தொடங்கும்போது முதல் நாள் இருந்த நிலையிலேயே கணிப்பொறி எழும். லினக்ஸ் இயக்க முறைமையின் மூலக் கருவில் இவ்வசதி 2014 முதல் இடம்பெற்றிருக்கிறது.

செய்யும் வகை

முதலில் வேண்டிய நிரல்களை நிறுவிச் சில நாட்கள் ஓட்டிப் பார்க்கவேண்டும். எல்லாம் செவ்வையாக அமைந்தபின், ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு நிரலில் செயல்திறன் பகுதிக்குச் சென்று ஓவர்லே கோப்பு முறைமையை இயக்கவேண்டும். தொடக்கப் பகுதியையும் எழுதாவண்ணம் காக்கவா என்று அது வினவும், ஆம் என்க. பின் கணிப்பொறியை மறுபடி தொடங்கினால் காப்பு அமலுக்கு வரும். நிரலைப் புதுப்பிக்க வேண்டிய நாளில் காப்பை நீக்கி, மறுபடி தொடங்கி, வேலையை முடித்து, மீண்டும் பூட்டவேண்டும். காப்பை நீக்காமல் செய்த மாறுதல் அடுத்த தொடக்கத்தில் மறைந்துபோகும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: பூட்டு நிரலைக் காக்கும், பதிவைக் காக்காது. ஈரப்பத அளவும் கண்ணாடிப் பலகையில் எழுதப்பட்டால், மின்சாரம் நின்றவுடன் அதுவும் துடைபடும். ஆகவே பதிவுக்கென ஒரு யு.எஸ்.பி. சேமிப்பானையோ தனிப் பிரிவையோ எழுதத்தக்கதாக ஒதுக்கி, ஒவ்வோர் அளவையும் உடனுக்குடன் அதில் சேர்த்துவிடுமாறு நிரலை அமைக்கவேண்டும். வலையிணைப்பு இருந்தால் வேறு கணிப்பொறிக்கும் ஒரு நகல் அனுப்புவது நலம். சில அமைப்புகளில் ஓவர்லே இத்தனி இடத்தையும் சேர்த்து மூடிவிடுவதுண்டு. ஆதலால் சோதித்தறிவது கட்டாயம்.

இரண்டு: ராஸ்பெரி பை 4 வரையிலான கணிப்பொறிகளில் பாட்டரியால் ஓடும் கடிகாரம் இல்லை. அணையும்முன் இருந்த நேரத்தை அட்டையில் குறித்துவைத்துச் சமாளிப்பதே அவற்றின் வழக்கம். பூட்டியபின் அக்குறிப்பும் புதுப்பிக்கப்படாது. வலையிணைப்பு இல்லாவிடில் நேற்றைய வறட்சி சென்ற மாதத் தேதியில் பதிவாகும். தேதி பிழைத்த பதிவு பொய்ச் சாட்சிக்குச் சமம். நாணயப் பாட்டரியுடன் கூடிய டி.எஸ். 3231 கடிகாரச் சில்லை இணைத்தால் இக்குறை தீரும். 2023-இல் வெளிவந்த பை 5-இல் கடிகாரம் உண்டு. பாட்டரியை மட்டும் தனியே வாங்கி இணைக்கவேண்டும்.

மூன்று: கண்ணாடிப் பலகையின் பரப்பு அளவுபட்டது. குறிப்புகள் பெருகி நினைவகம் நிறைந்தால் கணிப்பொறி திணறும். தேவையற்ற குறிப்புகளை நிறுத்தி, எஞ்சியவற்றுக்கு வரம்பு விதிக்கவேண்டும்.

சோதனை

பூட்டியபின் நிரல்கள் உள்ள இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பையும், பதிவுக்கு ஒதுக்கிய இடத்தில் மற்றொன்றையும் உண்டாக்குக. சற்றுப் பொறுத்து மின்கம்பியைப் பிடுங்கி, மறுபடி செருகுக. முதற் கோப்பு மறைந்து, இரண்டாவது நிலைத்து, தேதியும் சரியாக இருந்தால் ஏற்பாடு செவ்வையானது. பத்துத் தடவையேனும் இவ்வாறு செய்து பார்த்தபின்பே கருவியைக் கிடங்கில் அமர்த்தவேண்டும்.

மாறக்கூடாததைப் பூட்டி, மாறுவதைத் தனியே பாதுகாப்பதே இம்முறையின் சாரம். அதற்குப் பணச்செலவு சொற்பமே. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு நாளை இவ்வேலைக்கு ஒதுக்கும் சங்கம், வெள்ளம் வடிந்தபின் தன் அங்கத்தினர்முன் நம்பத்தக்க பதிவுடன் நிற்கும்.