வெளிமாநிலக் கல்லூரியா? முதலில் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவில் பிள்ளையை வேறு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போகிறீர்களா? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும்; நான்கு ஆண்டுக்கு 1,20,000 டாலரைத் தாண்டும். அங்கே ஓராண்டு தங்கிவிட்டால் கட்டணம் குறையும் என்று நம்பி இறங்காதீர்கள். பெற்றோர் வேறு மாநிலத்தில் இருந்தால் பெரும்பாலும் குறையாது.

மேற்கு மாநிலத்தவர்கள் ‘டபிள்யூ.யூ.ஈ.’ (மேற்கு மாநிலங்களின் இளங்கலை மாணவர் பரிமாற்றம்) திட்டத்தை விசாரியுங்கள். அதில் சேர்ந்த கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. இந்தச் சலுகை எல்லாப் பாடப்பிரிவுக்கும் கிடைக்காது.

நம்மவர்கள் கவனிக்க: பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் படிக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்தத் தகுதி போய்விடும்; வேறு விசாவுக்கு மாற வேண்டும். அப்போதும் உள்மாநிலக் கட்டணம் நீடிக்குமா என்று கல்லூரியிடம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.