கீழ் வீட்டுக்காரர்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுவது. மைசூருக்கு மூட்டை கட்டிய அவசரத்தில் மோட்டார் போடும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், பால் கணக்கு எல்லாம் உனக்குச் சொல்லிவிட்டேன். கீழ் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி மட்டும் உட்கார்ந்து பேச முடியவில்லை. நேற்று போனில் "அமெரிக்காக்காரங்க, அதுவும் எழுபதை நெருங்கினவங்க, நான் எப்படி அத்தை பார்த்துக்குவேன்?" என்று பயந்தாயே, அதனால்தான் இந்தக் கடிதம். நீ பார்த்துக்கொள்ளவே வேண்டாம். அதைச் சொல்ல இத்தனை பக்கமா என்று கேட்காதே. மல்லேஸ்வரத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை.

அவர்கள் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். பெங்களூரில் அந்தச் சபையின் மிஷன் 1993இலிருந்து இருக்கிறது. பிள்ளைகளை ஆளாக்கி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி ஜோடியாக விண்ணப்பித்து, 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை வெளியூரில் ஊழியம் செய்யலாம். செலவு அவர்களுடையது, சம்பளம் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நம் கீழ் வீட்டுப் பெரியவர் மிஷன் ஆபீசில் கணக்கும் வாடகை ஒப்பந்தங்களும் பார்க்கிறார். அந்த அம்மாளுக்கு இன்னும் ருசிகரமான வேலை. பதினெட்டு, இருபது வயது இளம் ஊழியக்காரர்கள் தங்கியிருக்கும் வீடுகளுக்குப் போய் குளியலறை சுத்தமாக இருக்கிறதா, வாட்டர் ஃபில்டர் மாற்றியிருக்கிறதா, ஃப்ரிட்ஜில் என்ன அழுகிக் கிடக்கிறது என்று பார்ப்பது. அந்தப் பையன்களில் பலர் நம் தென்னாட்டுக்காரர்கள்தான். சொந்த அம்மா சொல்லிக் கேட்காதவன் இந்தப் பாட்டி வருகிறாள் என்றால் பினாயில் வாங்க ஓடுகிறான்.

நான் குறிப்பாகச் சொல்ல வந்தது காபி விஷயம். டீ, காபி இரண்டும் அவர்கள் சபையில் விலக்கு. மல்லேஸ்வரத்தில் இது எப்பேர்ப்பட்ட சங்கடம் என்று யோசித்துப் பார். இங்கே படியேறி வந்தவருக்கு டபரா நீட்டாமல் பேச்சே தொடங்காது. வேண்டாம் என்றால் "அரை டம்ளர்" என்போம், அதுவும் வேண்டாம் என்றால் "சர்க்கரை போடாம தரட்டுமா?" என்போம். எதிர்வீட்டு மாமி ஒரு வாரம் விடவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் சிரித்துக்கொண்டே மறுத்தார். கடைசியில் மாமிக்குத்தான் கோபம் வந்தது. நீ அந்த வழிக்கே போகாதே. நீர்மோர் கொடு, ராகி மால்ட் கொடு, பாதாம் பால் கொடு. ராமநவமிக்கு நம் தெருவில் பானகமும் கோசம்பரியும் விநியோகித்தபோது பெரியவர் இரண்டாவது முறை வரிசையில் நின்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். கோயில் பிரசாதம் என்றால் மட்டும் இன்னது என்று சொல்லிவிட்டுக் கொடு. எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர்கள் இஷ்டம், விட்டால் நீ முகம் வாடக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு உபவாசம், அன்றைக்குப் பொங்கல் கிண்ணத்தோடு கதவைத் தட்டாதே. எந்த ஞாயிறும் அவர்கள் கடைக்கும் ஓட்டலுக்கும் போவதில்லை. சி.டி.ஆரில் வெண்ணெய் தோசை வாங்கித் தர ஆசையிருந்தால் வாரநாளில், கூட்டமில்லாத வேளையில் கூட்டிப் போ. மார்கோசா ரோடு நடைபாதையில் அரை மணி நேரம் காத்து நிற்க அந்த முழங்கால்கள் தாங்காது.

எட்டாவது கிராஸ் மார்க்கெட்டுக்கு அந்த அம்மாள் தனியாகத்தான் போவார். நீ துணைக்குப் போகாதே. உன் வேலைக்காரம்மாவையும் அனுப்பாதே. முதல் மாதம் ஒரு கட்டு கொத்தமல்லிக்கு அவர் கொடுத்த விலையைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் பூக்காரி அவரை "அஜ்ஜி" என்று கூப்பிட்டு, கேட்காமலே ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்தாள். அவரே பேரம் பேசக் கன்னடத்தில் எண்கள் கற்றுக்கொண்டார். அவரோடு நீ போயிருந்தால் பூக்காரி உன்னோடுதான் பேசியிருப்பாள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தெருவில் பாதிப் பேர் ஆறு மாதம் நியூஜெர்சியிலும் டெக்ஸாஸிலும் பேரன் பேத்தி வளர்க்கப் போய்வருகிறவர்கள். அங்கே கார் ஓட்டத் தெரியாது, பஸ் கிடையாது, பிள்ளை கூட்டிப்போனால்தான் வெளியுலகம். பாசத்தில் குறைவில்லை; குளிருக்கு ஸ்வெட்டர், வாரக் கடைசியில் கோயில், எல்லாம் உண்டு. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு அவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யாருக்காகக் காத்திருப்பார்கள்? திரும்பி வந்த முதல் வாரம் எட்டாவது கிராஸில் காய் பொறுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார், புரியும். கீழ் வீட்டுக்காரர்கள் நேர்மாறாக, பேரக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு இங்கே வேலை செய்ய வந்தவர்கள். அவர்களை மறுபடி ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிடாதே.

பேரப்பிள்ளைகள் அவர்களை விட்டுப் போய்விடவில்லை. நமக்குக் காலை ஏழு என்றால் உட்டாவில் முந்தின நாள் சாயங்காலம் ஆறரை, கோடையில் ஏழரை. அந்த நேரத்தில் வராந்தாவில் வீடியோ போனில் பேச்சும் சிரிப்புமாக இருப்பார்கள். பிளம்பரை அந்த வேளையில் அனுப்பாதே. போன தீபாவளி சமயத்தில் அங்கே ஒரு பேத்தி பிறந்தாள், இவர்கள் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாமி "ஐயோ பாவம்" என்றார். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. பாவம் என்று நாம் சொல்லிவிட்டால், அவர்கள் தெரிந்தே கொடுத்ததை ஏதோ பறிகொடுத்தது போல் ஆக்கிவிடுகிறோம். குழந்தை படத்தைக் காட்டச் சொல், மூக்கு யார் ஜாடை என்று கேள். அது போதும்.

"மதம் மாத்த வந்திருக்காங்களா?" என்று யாராவது உன்னைக் கேட்பார்கள். 2022இல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, முன்பிருந்த ஜோடியைப் பற்றி என்னையும் கேட்டார்கள். நீ மழுப்பாதே, வக்காலத்தும் வாங்காதே. என்ன வேலை செய்கிறார்கள் என்பதை மட்டும் சொல். வீட்டில் வெளிநாட்டவரைக் குடி வைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். ஒவ்வொரு ஜோடி வந்தபோதும் பதிந்த நகல் நீலக் கோப்பில் இருக்கிறது, விசா நகலும் அதிலேயே. யார் கேட்டாலும் கோப்பை எடுத்துக் காட்டு. உன்னிடம் அவர்கள் மதம் பேசுவார்களோ என்று பயப்படாதே. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஒருமுறை கேட்டேன், முழு மாலையும் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, சிநேகம் வந்தது.

இந்த ஊருக்கு இப்படி வந்தவர்கள் புதிதில்லை, தெரியுமா? லண்டன் மிஷனிலிருந்து பெஞ்சமின் ரைஸ் மனைவியோடு 1837இல் பெங்களூர் வந்து, ஐம்பது ஆண்டு இங்கேயே இருந்து, 1887இல் இங்கேயே இறந்தார். அவென்யூ ரோடில் அவர் பெயரில் சர்ச் இருக்கிறது. பேட்டையில் பெண் பிள்ளைகளுக்குக் கன்னடப் பள்ளி தொடங்கியதில் அந்த வீட்டுப் பெண்மணிக்குப் பங்குண்டு. அவர்கள் மகன் லூயி ரைஸ்தான் மைசூர் ராஜ்யத்துக் கல்வெட்டுகளையெல்லாம் தேடிப் படியெடுத்து 'எபிகிராஃபியா கர்னாடிகா' வெளியிட்டவர். நம் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு 1669இல் சிவாஜியின் தம்பி ஏகோஜி கிராமம் விட்டுக்கொடுத்த கல்வெட்டு இருக்கிறதே, அந்த மாதிரிக் கற்களைப் படிக்க ஒரு பாதிரியார் வீட்டுப் பிள்ளை வெயிலில் அலைந்தான். அந்தக் காலத்து பெஞ்சமின் ரைஸ் ஆயுசு முழுக்கத் தங்கினார். இவர்கள் பதினெட்டு மாதத்தில் கிளம்பிவிடுவார்கள். அதனால் நெருக்கம் குறைவு என்று நினைக்காதே, அவசரம் அதிகம், அவ்வளவுதான்.

ஒரு யோசனை. அவர்களிடம் உதவி கேள். உன் பையனுக்கு ஆங்கிலக் கட்டுரை திருத்தப் பெரியவரை விடச் சரியான ஆள் கிடையாது. சொசைட்டிக் கணக்கில் உனக்கு வரும் சந்தேகத்தையும் அவரிடமே கேள். கேட்ட அன்று அவர் நடையே வேறாக இருக்கும். மெட்ரோவில் வழி சொல்லித் தர வேண்டாம். சம்பிகே ரோட்டில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, வைட்ஃபீல்ட் பக்கம் போய் வர அவர்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். 2018இல் அறிவித்து 2020 டிசம்பரில் வேலை தொடங்கிய அவர்கள் ஆலயம் அந்தப் பக்கம்தான்.

பார்த்துக்கொள்ள வேண்டியது உடம்பு ஒன்றைத்தான். பிரஷர் மாத்திரை இருவருக்கும் உண்டு. நடைபாதையில் எந்தெந்தக் கல் ஆடுகிறது என்று முதல் மழைக்கு முன்னால் காட்டிவிடு. 108, பக்கத்து ஆஸ்பத்திரி, மிஷன் ஆபீஸ் மூன்று நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், கிழிந்தால் மாற்று. இரவு பத்துக்கு மேல் கீழே விளக்கு எரிந்தால் ஒரு குரல் கொடு. மற்ற நேரத்தில் இறங்கிப் போகாதே.

ஆவணியில் அவர்கள் தவணை முடிகிறது. பெரிய பார்ட்டி வேண்டாம். குக்கர், கொசு வலை, தோசைக்கல் எல்லாம் அடுத்து வரும் ஜோடிக்கு விட்டுப் போவார்கள். அவற்றை மட்டும் சரிபார்த்து வாங்கி வை. இடையில் கிடைக்கும் பத்து நாளில் சமையலறைக்குப் பெயிண்ட் அடித்துவிடு, சிங்க் குழாயில் ஒழுக்கு இருக்கிறது, வாஷர் மாற்றச் சொல். வாடகை ரசீதுப் புத்தகம் பீரோவின் இரண்டாம் தட்டில், பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கிறது.

அன்புடன்,
அத்தை