கரிச் சுவர் விழுங்கிய எரிபொருள்

ஆறு ஓரிடத்தில் கரையை அரிக்கிறது. அரித்த மண்ணை நீரோட்டம் தணியும் இடத்தில் படியவிடுகிறது. பல கோடி டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவும் இதே வேலையைச் செய்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

ஐதரசனின் ஐசோடோப்புகளான டியூட்டிரியம், டிரிட்டியம் ஆகியவற்றின் அணுக்கருக்களைப் பிணைத்து ஆற்றல் பெற முயலும் கருவிக்கு டோக்காமாக் என்று பெயர். இதில் காந்தப்புலமே பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் தாங்குகிறது. எனினும் விளிம்பிலுள்ள துகள்கள் தப்பி வந்து சுவரைத் தாக்கும். ஆகவே அறிவியலார் நெடுங்காலம் கிராஃபைட்டினால் சுவர் அமைத்தனர். இது கரியின் ஒரு வடிவம். வெற்றிடத்தில் எவ்வளவு சூடேறினாலும் இது உருகி வழியாது, நேரே ஆவியாகும். மேலும் கார்பன் அணு இலேசானது. பிளாஸ்மாவில் சிறிது கலந்தாலும், கனமான உலோக அணுக்களைப் போல அதை மிகுதியாகக் குளிர்விப்பதில்லை.

ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. கார்பன் ஐதரசனோடு எளிதில் சேரும். பிளாஸ்மாவின் ஐதரசன் சுவரைத் தாக்கும்போது மீத்தேன் போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. பிளாஸ்மா அவற்றைச் சிதைக்கிறது. விடுபட்ட கார்பன் மின்னூட்டம் பெற்று, காந்தக் கோடுகளின் வழியே சென்று வேறிடத்தில் படிகிறது. படிந்தது மீண்டும் அரிக்கப்படும், மீண்டும் படியும். இவ்வாறு நகர்ந்து நகர்ந்து, பிளாஸ்மா எட்டாத குளிர்ந்த மூலையை அடைந்தால் அங்கேயே தங்கிவிடும். தனியாக அன்று, எரிபொருளையும் தன்னுள் புதைத்துக்கொண்டு!

இங்கிலாந்தில் கல்லம் என்னுமிடத்தில் இயங்கிய ஜெட் டோக்காமாக்கினுள் 1997-இல் 35 கிராம் டிரிட்டியம் செலுத்தப்பட்டது. சோதனைக்குப் பின் சுவரைத் தூய்மை செய்தும், சுமார் 6 கிராம் உள்ளேயே நின்றுவிட்டது. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! டிரிட்டியம் இயற்கையில் மிக அரிது; கதிரியக்கம் உடையது; அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். பெரிய உலையில் இப்படிச் சேர்ந்துகொண்டே போனால், எரிபொருளும் வீணாகும், பாதுகாப்பும் கெடும்.

எனவே ஜெட்டின் கரிச் சுவர் அகற்றப்பட்டது. 2011 முதல் பெரிலியமும் டங்ஸ்டனும் அதன் இடத்தைப் பெற்றன. உள்ளே தங்கும் எரிபொருள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஜெட் 2023-இல் ஓய்வு பெற்றது. இந்தியாவும் பங்கேற்று ஃபிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் உலைக்கும் கரிச் சுவர் இல்லை.

ஒரு பொருள் எதைத் தாங்கும் என்று மட்டும் கேட்டால் போதாது, மாணவர்களே. அது எதனோடு சேரும் என்றும் கேட்க வேண்டும்.