கார்பனேட் கனிமங்களை இனங்காண வெப்பப் பகுப்பாய்வு

சுண்ணாம்புக்கல் என்று பொதுவாக வழங்கும் பாறைகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. சிலவற்றில் கால்சைட்டே மிகுதி. சிலவற்றில் டோலமைட்டும் கலந்திருக்கும். வேதிப் பகுப்பாய்வு பாறையில் மக்னீசியா எவ்வளவு உள்ளது என்பதைக் கூறும். அது டோலமைட்டில் உள்ளதா, களிமண் கனிமத்தில் உள்ளதா என்பதைக் கூறாது. இவ்வினாவுக்கு விடை காண உதவுவது வெப்பப் பகுப்பாய்வு.

இம்முறைக்கு வித்திட்டவர் பிரெஞ்சு அறிஞர் லெ ஷாட்டலியர் (1887). இன்று இது இருவகையாகச் செய்யப்படுகிறது. பொருளைச் சூடாக்கும்போது குறையும் எடையை அளப்பது வெப்ப எடைப் பகுப்பாய்வு. மாற்றமடையாத பொருளொன்றை உடன் வைத்துச் சூடாக்கி, இரண்டின் வெப்பநிலை வேறுபாட்டைப் பதிவு செய்வது வேறுபாட்டு வெப்பப் பகுப்பாய்வு.

கார்பனேட்டுகள் சூடேறும்போது கரியமில வாயுவை இழக்கின்றன. கால்சைட் சுமார் 900 டிகிரி செல்சியசில் சிதைந்து, தன் எடையில் 44 சதவீதத்தை இழக்கும். சேலம் பகுதியில் கிடைக்கும் மாக்னசைட் அதற்கு வெகு முன்பே சிதைந்து 52 சதவீதத்தை இழக்கும். சிடரைட் காற்றில் சிதையும்போது அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனை ஏற்பதால், நிகர இழப்பு 31 சதவீதமே. அரகோனைட் 400 டிகிரிக்கு மேல் எடை குறையாமலே கால்சைட்டாக மாறும்.

டோலமைட் காற்றில் சூடாகும்போது அதன் இரு சிதைவுகளும் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். கரியமில வாயுச் சூழலில் கால்சைட்டின் சிதைவு மட்டும் மேலும் உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளப்படுவதால், இரு படிகளும் தெளிவாகப் பிரியும். முதற்படியில் டோலமைட்டின் மக்னீசியப் பகுதி சிதைகிறது. அப்போது குறையும் எடை டோலமைட்டின் எடையில் ஏறத்தாழ 23.9 சதவீதம்.

எடுத்துக்காட்டாக, 100 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் முதற்படியில் 4.4 மில்லிகிராம் இழந்தால், அதில் டோலமைட் 18.4 மில்லிகிராம்; அதிலுள்ள மக்னீசியா 4 மில்லிகிராம். நான்கு சதவீதம்தானே என்று எண்ணிவிடலாகாது. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் தேவை. ஆகவே கிளிங்கரில் அது 6 சதவீதமாகிவிடும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு இந்தியத் தர விதி அனுமதிக்கும் உச்ச அளவும் அதுவே. மிகுதியான மக்னீசியா சூளையில் கடுமையாகச் சுட்டு இறுகி, பின்னர் கட்டடத்தில் மெல்ல மெல்ல நீரேற்று விரிவடையும். ஆண்டுகள் சென்றபின் காங்கிரீட் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

டோலமைட் தனி அடுக்குகளாக இருப்பின் அவற்றைப் பிரித்து வெட்டலாம். தூய கல்லுடன் கலக்கலாம். ஒடிசாவின் பீர்மித்ராபூர் டோலமைட்டைப் போல எஃகு ஆலைகளுக்கு இளக்கியாகவும் அனுப்பலாம். சிமென்டுக்கு ஆகாத கல் நாட்டுக்கே ஆகாத கல் அன்று.

முடிவுகளைக் கொள்ளுமுன் சில எச்சரிக்கைகள் தேவை. சூடேற்றும் வேகம், துகளின் பருமன், மாதிரியின் எடை ஆகியவற்றுக்கேற்பச் சிதைவு வெப்பநிலை மாறும். களிமண் இழக்கும் நீர், மாக்னசைட்டின் எடையிழப்போடு கலந்து மயக்கம் தரலாம். கடற்படிவிலுள்ள உப்பு டோலமைட்டின் சிதைவு வெப்பநிலையைத் தாழ்த்தும். எனவே மாதிரியை முதலில் நீரால் கழுவ வேண்டும். ஐயம் எழுமிடத்து எக்ஸ் கதிர்ச் சோதனையால் உறுதி செய்வதே முறை.